நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பித் தர வேண்டி

மதிப்பும் மரியாதையும் மிக்க வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

குடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவனும், தங்கள் 'வீட்டுக்கு ஒரு யோசனை' பக்கத்தில் அடிக்கடி எழுதும் அம்மையாரின் கணவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே தாங்களும், உதவி ஆசிரியர்களும், அச்சகத்தாரும், எங்கள் வீட்டிலிருந்து போகும் உறைகளைப் பிரித்துப் படித்துத் தலையில் கைவைத்து உட்காரும் அந்த முகம் தெரியாத நல்லவரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

இதைப் புகார்க் கடிதம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட வேண்டாம். இது நன்றிக் கடிதம். நடுநடுவே புலம்பல் வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம், அது உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்ட குணம். நாளெல்லாம் கூரைக்கு அடியில் நின்று குடையை விரிப்பேன், மடக்குவேன், கம்பி எண்ணுவேன் (குடைக் கம்பியைத்தான் சொல்கிறேன்), எங்காவது கோணல் இருந்தால் 'தேறாது' என்று பின்னால் இருக்கும் பெரிய தொட்டியில் எறிவேன். ஒரு ஆயுசு முழுக்க எறிந்தே சம்பளம் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவனை, எதையுமே எறியக் கூடாது என்று சொல்லும் ஒரு பக்கத்தின் கையில் கொண்டுபோய் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற புதிதில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி பெருக்க வந்தால் காலைத் தூக்குவேன், போனதும் இறக்குவேன். அந்த ஒரு வேலைதான். அப்போதுதான் ஒரு நாள் தங்கள் இதழின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் நெடுநேரம் படித்தாள். மறுநாளே அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்குப் பெரிய ஆச்சரியம். ஏனென்றால் கல்யாணமான நாளிலிருந்து பழைய சாமான் என்றாலே முகம் சுளிப்பவள் அவள். மூடி போன டப்பா, ஜோடி போன செருப்பு எதுவும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே ஒரு வாரம் தங்கியதில்லை. அவள் போய் மறுபயன்பாடு, சிக்கனம் என்று ஆரம்பித்தால் அதில் உள்ள சிக்கல் தங்களுக்கே புரியும். வீட்டில் பழையது என்று ஒன்றுமே இல்லை. ஆகவே பழையதை முதலில் உற்பத்தி செய்தாக வேண்டும். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளர் நான்.

முதல் யோசனை சோப்பைப் பற்றியது. தேய்ந்து கையில் நிற்காத சோப்புத் துண்டுகளை ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு வாயைக் கட்டிக் குழாய்ப் பக்கம் தொங்கவிட்டால் கடைசிவரை நுரை வரும். எங்களிடம் இருந்ததெல்லாம் நல்ல சாக்ஸ். "என்னங்க, ஒரு சாக்ஸ் கிழியணுமே" என்றாள். "கத்தரிக்கோலால ஒரு வெட்டு வெட்டேன்" என்றேன். "வெட்டினா அது வீணாக்கினது. தானா தேயணும். மொட்டை மாடியில சிமென்ட் தரை சும்மாதானே கெடக்கு" என்று ஒரே போடாகப் போட்டாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் செருப்பில்லாமல் வெறும் சாக்ஸோடு மொட்டை மாடியை வலம் வந்தேன். அது என்ன சாக்ஸோ தெரியவில்லை, தேயவே மாட்டேன் என்றது. கடைசியில் இடது குதிகால் விட்டுக்கொடுத்தது. வலது கால் சாக்ஸ் இன்றுவரை தேறுகிறது. சோப்புத் துண்டும் கையிருப்பில் இல்லாததால் இரண்டு வேளை குளித்தேன், மூன்றாவது வேளை குளிக்கப் பார்த்தபோது தொட்டியில் தண்ணீர் இல்லை. அந்த மாதம் வாங்கிய அளவுக்குச் சோப்பு நாங்கள் எந்த மாதமும் வாங்கியதில்லை. எல்லாம் சிக்கனத்துக்காக.

அந்தச் சாக்ஸ் முடிச்சைத் தொங்கவிட்ட வாரம், எங்கள் கீழ்வீட்டில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பல் டாக்டர் தண்ணீர்க் குழாய் விஷயமாக மேலே வந்தவர், கை கழுவிவிட்டு, பக்கத்தில் தொங்குவது கை துடைக்கிற துணி என்று நினைத்து அதைப் பிடித்துத் தன் மூக்குக்கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சார், ஒண்ணுமே தெரியலையே" என்று பேந்தப் பேந்த விழித்தவரை நான்தான் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்க மறுநாள் போனால் அவர் எனக்கு முன்னால் எழுந்து நிற்கிறார். முகமூடி கட்டிக்கொண்டு வேலை செய்யும்போது மூச்சுக்காற்று பட்டு எப்போதும் மங்கிப்போகும் கண்ணாடி அன்றைக்கு மங்கவே இல்லையாம். "அந்தத் துணியைக் கொஞ்சம் குடுங்க சார்" என்றார். அதை நாங்கள் தனிக் குறிப்பாக எழுதி அனுப்ப, தாங்களும் அதை வெளியிட்டு ஓர் எவர்சில்வர் டப்பா அனுப்பிவைத்தீர்கள். அந்த டப்பாக்கள் எங்கள் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே எதைப் போடுவது என்று தெரியாத அளவுக்குச் சின்னவை, ஆனால் பரிசு பரிசுதானே.

அடுத்தது பல் தேய்க்கும் பிரஷ். பழைய பிரஷால் ஜன்னல் தடத்தில் அடைந்திருக்கும் அழுக்கைச் சுரண்டி எடுக்கலாம். என் மனைவி அதே பல் டாக்டரிடம் போய், ஒரு பிரஷ் எப்போது பழசாகும் என்று விசாரித்திருக்கிறாள். பல்லில் இவ்வளவு அக்கறை உள்ள குடும்பமா என்று அவருக்கு உச்சி குளிர்ந்து, ஒரு பெட்டி நிறையப் புது பிரஷ்களை இலவசமாகக் கொடுத்தனுப்பிவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் புத்தம் புதுசு. பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். நானும் சாப்பாட்டுக்கு முன், பின், படுக்கப் போகும் முன் என்று தேய்த்துத் தள்ளினேன். ஜன்னல் சுத்தமானதோ இல்லையோ, என் பல் பளிச்சென்று ஆனது. டாக்டர் ஒரு நாள் என்னைக் கீழே கூப்பிட்டு, நாற்காலியில் பயந்துபோய் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளியின் முன்னால் நிறுத்தி, "சார், கொஞ்சம் ஈன்னு காட்டுங்க" என்றார். காட்டினேன். பேசாமல் வாயை மூடிக்கொண்டு வந்துவிட வேண்டிய இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

குடைக் கதையைச் சொல்லாமல் விட்டால் தொழில் தர்மம் ஆகாது. பிரிவு உபசார விழாவில் எனக்குத் தொழிற்சாலை கொடுத்த கறுப்புக் குடை ஒன்று இருந்தது. நானே பரிசோதித்துத் தேறியது என்று முத்திரை குத்திய குடை. கிழிந்த குடைத் துணியை மழைக்கு நனையாத பையாகத் தைக்கலாம் என்று ஒரு யோசனை உதித்ததும் அவள் பார்வை அதன்மேல் விழுந்தது. "இது எப்ப வீணாப் போகும்?" என்றாள். "நான் பாஸ் பண்ணின குடை. எனக்கப்புறமும் இருக்கும்" என்றேன். "அதையும்தான் பாத்துருவோமே" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. பால்கனியில் நின்று விரித்தேன், மடக்கினேன், விரித்தேன், மடக்கினேன். தொழிற்சாலையில் கை பார்த்த வேலை, கை மறக்கவில்லை. எதிர்வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள், அவர்களுக்கு எந்தக் கம்பி முதலில் தளரும், எந்தத் தையல் கடைசிவரை தாங்கும் என்று விளக்கமெல்லாம் சொன்னேன். குடை அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் பிடியைக் கொஞ்சம் தளர்த்திய நேரம் பார்த்துக் காற்று அடித்து, குடை விரிந்த மேனிக்குப் பறந்து தெருவில் இறங்கியது. நான் படியிறங்கி ஓடுவதற்குள் தள்ளுவண்டிப் பழக்காரர் அதை வண்டியில் செருகி அதன் நிழலில் நின்றுகொண்டிருந்தார். "மேலேருந்து வந்துச்சு சார். வெயிலுக்கு நல்லா இருக்கு" என்று சிரித்தார். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. எப்படி மடக்கினால் கம்பி கெடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அவருடைய வண்டியைக் கடக்கும்போதெல்லாம் இப்போதும் கம்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய சட்டையைத் தலையணை உறையாக்கிய யோசனையும் தங்களுக்கு நினைவிருக்கலாம். சட்டையின் பித்தானைப் போட்டால் உறை மூடிக்கொள்ளும், தைக்கவே வேண்டாம். என் ஆபீஸ் சட்டையையே அதற்குக் கொடுத்தேன். பையும் இருப்பதால் தூங்கும்போது மூக்குக்கண்ணாடியைப் போட்டுவைக்க வசதி. பித்தான் பக்கத்தைக் கீழே வைத்துப் படுக்க வேண்டும் என்பதைத்தான் குறிப்பில் சேர்க்க மறந்துவிட்டோம். ஒரு கன்னத்தில் வரிசையாக நாலு வட்டத்தோடு நான் பேங்குக்குப் போய் நிற்க, கவுன்டரில் இருந்த அம்மா கையெழுத்தைப் பார்க்காமல் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏதாவது கடிச்சிருச்சா சார்?" என்றார்கள். "சட்டைம்மா" என்றேன்.

இத்தனையும் சொல்வது குறை சொல்ல அல்ல. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் நானும் அவளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அன்றைய சோதனையைப் பற்றிப் பேசுவோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். நாலு வரிக்கு மேல் போகக் கூடாது என்பது தங்கள் விதியல்லவா, அதற்குள் அடக்குவதற்குள் ஒரு சண்டையே நடக்கும். 'ஊற வைக்கவும்' என்று எழுதுவதா, 'நனைத்து வைக்கவும்' என்று எழுதுவதா என்று ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடிக் காபி ஆறிப்போயிருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவேன், தூங்குவேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் மனம்விட்டு அதிகம் பேசிக்கொண்டது சமையல் சோடாவைப் பற்றித்தான். வெளியூரில் இருக்கும் மகன் போனில், "ஏம்பா இந்த வயசுல இதெல்லாம்? வேணும்னா புதுசு வாங்கிக்குங்களேன்" என்பான். "டேய், உங்கம்மாவுக்கு இதுல ஒரு சந்தோஷம். கெடுத்துராதே" என்று சொல்லிவிடுவேன். உள்ளதைச் சொன்னால், ஐயா, இந்த யோசனைகளில் எனக்குத் தனிப்பட்ட முறையில் நம்பிக்கை கிடையாது. அவளுக்காகத்தான் அத்தனையும் செய்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் செய்யாமல் இருக்க முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சில வாரங்களாகத் தங்கள் இதழில் அந்தப் பக்கம் வருவதில்லை. நாற்பத்து இரண்டாம் பக்கம் முடிந்ததும் நேராக நாற்பத்து ஐந்து வந்துவிடுகிறது. நடுவில் ஒரு தாளையே எடுத்துவிட்டிருக்கிறீர்கள். அந்தத் தாள் இருந்த இடம் தெரியாமல் கத்தரித்ததுபோல் அவ்வளவு நேர்த்தியாக இருப்பதை ஒரு பரிசோதகன் என்ற முறையில் பாராட்டுகிறேன், ஆனால் காரியம் சரியில்லை. "என்ன, யோசனைப் பக்கத்தைக் காணோம்?" என்று அவளைக் கேட்டேன். "நிறுத்திட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அழுதாளோ என்னவோ, நான் பின்னால் போகவில்லை. இதழ் வரும் நாளில் நான் எழுவதற்குள் அவளே வாசலுக்கு ஓடிப்போய் வாங்கிக்கொள்கிறாள், இந்த வாரமாவது வந்திருக்காதா என்ற நப்பாசைதான், வேறென்ன. பிறகு அதை என்னிடம் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. புதிதாக ஒரு யோசனையும் சொல்வதில்லை. ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், உதட்டைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். நான் மறுபடியும் ஜன்னலோர நாற்காலிக்கு வந்துவிட்டேன். வீட்டில் பேச்சே இல்லை. சாயங்காலம் காபி சூடாகவே இருக்கிறது.

ஆகவே தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அந்தப் பக்கத்தை எப்படியாவது மறுபடி தொடங்க வேண்டும். காகித விலை ஏறிவிட்டது என்றால் அரைப் பக்கம் போதும். டப்பா வேண்டாம், எங்களிடம் நிறைய இருக்கிறது. கேட்டால் திருப்பி அனுப்பவும் தயார். எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு நாற்காலி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, பொழுது போய்விடும். அவள் பழையபடி ஆக வேண்டும். ஓடியாடித் திரிந்தவள் இப்படி வாயடைத்துப் போய் நடமாடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் எங்கள் இருவரையும் ஒரு மேஜைக்கு எதிரெதிரே உட்கார வைத்த புண்ணியம் தங்களுக்கு உண்டு. அதற்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

தங்கள் பேனா மையில்லாமல் நிற்காமலும், அச்சகத்தில் தாள் சிக்காமலும், தங்கள் வீட்டில் எல்லோரும் ஒருவரோடொருவர் சலிக்காமல் பேசிக்கொண்டும், நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியமான பற்களோடும் வாழ மனமார வாழ்த்துகிறேன். தங்கள் இல்லத்தரசிக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

இங்ஙனம்,
தங்கள் பக்கத்துக்கும் அதில் எழுதியவளுக்கும் என்றென்றும் கடமைப்பட்ட,
குடைப் பரிசோதகர் (ஓய்வு)

பி.கு.: மேலே எழுதியது எதையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். எழுதி முடித்ததும் பிழை பார்ப்பதற்காக நேற்றுச் சாயங்காலம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் மடிப்பதை நிறுத்திவிட்டாள். "அவளுக்காகத்தான் அத்தனையும் செய்தேன்" என்ற இடம் வந்ததும் மடித்த துணிமேலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு நம்பிக்கை இல்லையா? எனக்கு மட்டும் இருக்கா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தப் பக்கத்தை அவங்க நிறுத்தலங்க. நான்தான் வாராவாரம் வெட்டி எடுத்துடுறேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் அவளாகவே ஒரு யோசனை எழுதி அனுப்பினாளாம். தாங்கள் அதற்கு முதல் பரிசு கொடுத்து, கட்டம் கட்டி வெளியிட்டுவிட்டீர்களாம். அதிலிருந்து, 'நானும் செய்து பார்த்தேன், எங்கள் வீட்டிலும் பலன் தெரிகிறது' என்று ஊர்ப்பட்ட பெண்கள் வாராவாரம் அந்தப் பக்கத்தில் எழுதுகிறார்களாம். என்ன யோசனை என்றேன். சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்:

'பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற கணவரை நாற்காலியிலேயே விட்டுவிட வேண்டாம். தினமும் காலையில் ஏதாவது ஒரு வேலை கொடுக்கவும், தேவையில்லாத வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் செய்தார் என்று கேட்கவும். புதுசு போல் நெடுநாள் இருப்பார், நான் செய்து பார்த்திருக்கிறேன்.'

"அப்ப அந்தச் சாக்ஸ்?" என்றேன். "தினம் நடக்கணும்னு நம்ம குடும்ப டாக்டர் சொன்னாரு. சும்மா நடங்கன்னா நடந்திருப்பீங்களா?" என்றாள். "பிரஷ்?" "பல் வலின்னு ராத்திரி முழிச்சிக்கிட்டுக் கெடந்தது யாரு?" என்றாள். குடையைக் கேட்டேன். "அந்தக் குடையை மடியில வச்சிக்கிட்டே உக்காந்திருந்தீங்க. என்னால பாக்க முடியல" என்றாள். இப்போது ஏன் வேலையே சொல்வதில்லை என்று கேட்டதற்கு, "சொல்ல வாயெடுத்தா நான் எழுதினதே ஞாபகம் வந்து சிரிப்பு வருது. கண்டுபிடிச்சிட்டீங்கன்னா அப்புறம் எதையும் செய்ய மாட்டீங்களேன்னு பயம்" என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஐயா. வரவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றேன். இவ்வளவு எழுதிய தாளை வீணாக்க வேண்டாம், அனுப்பிவிடுங்கள் என்று அவள்தான் சொன்னாள். ஆகவே அனுப்புகிறேன். இதை வெளியிட வேண்டாம்.

இன்று காலை தபால் பெட்டிக்குக் கிளம்ப, கூடத்துக் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அவள் ஊறுகாய் ஜாடியின் மூடியை முந்தானையால் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவது அந்தக் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு வந்து, "என்னங்க, இது திறக்கவே மாட்டேங்குது" என்று நீட்டினாள். வாங்கி ஒரு திருகு திருகினேன், மூடி கையோடு வந்துவிட்டது. வந்தது தெரியாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் பார்த்துக்கொண்டு நிற்க, இன்னும் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.